பெயருக்குச் சொந்தக்காரர்

"இந்த ஆளைத் தெரியுமா உங்களுக்கு?"

தாலின் ஆப்ரமியன் மேசைமேல் தள்ளிய புகைப்படத்தை ஜொனெல் ராட்கி கையில் எடுக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே குனிந்து பார்த்தாள். ஏதோ உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த படம். பனி வாரும் வண்டியின் முன்னால் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள், அதில் ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம். நரைத்த புருவம், தொங்கிப்போன கன்னம். மற்றவர்கள் எல்லாரும் கேமராவைப் பார்க்க, இந்த மனிதர் மட்டும் அதற்குச் சற்றுக் கீழே, தரையை அளப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பார்வை மட்டும் மாறவில்லை.

"தெரியாது," என்றாள் ஜொனெல்.

"நிஜமாவா? கொஞ்சம் நல்லாப் பாருங்க."

"தெரியாதுன்னு சொல்றேன்ல, தாலின்."

தாலின், ஜொனெல் வேலை பார்க்கும் தொலைக்காட்சி நிறுவனத்தின் வழக்கறிஞர். நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. ஜொனெலைவிட இருபது வயதுக்குமேல் சின்னவள். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக க்ளென்டேலில் வளர்ந்தபோது ஜொனெல் எழுதும் 'ட்விக் குடும்பம்' கார்ட்டூன் தொடரைப் பார்த்துத்தான் ஆங்கிலம் கற்றுக்கொண்டதாக அடிக்கடி சொல்வாள். இன்றைக்கு அந்தப் பேச்செல்லாம் இல்லை.

"பேரு ஆர்வின் ப்ளம்லி. நிஜமான பேரே அதான். ஒஹையோக்காரர், உங்க மாநிலம். நெடுஞ்சாலைத் துறையில வண்டி ஓட்டறார். ரெண்டு மாசத்துல நாலு லெட்டர் போட்டிருக்கார். கடைசி லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்துச்சு." தாலின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். "'சனிக்கிழமை பாசடீனாவுக்கு வருகிறேன். டிக்கெட் வாங்கிவிட்டேன். இந்த முறை ஜொனெல் பேசித்தான் ஆக வேண்டும். பேசாமல் நான் போகமாட்டேன்.'" கண்ணாடியைக் கழற்றினாள். "'இந்த முறை'னு எழுதியிருக்கார் பாருங்க. அப்படின்னா போன முறைன்னு ஒண்ணு இருந்திருக்கணும்."

"பைத்தியம் எதை வேணும்னாலும் எழுதும்."

வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அதன் அசிங்கம் ஜொனெலுக்கு உறைத்தது. தாலின் கவனித்ததாகத் தெரியவில்லை. கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். பழுப்பேறிய தாள், 1992-இல் நிரப்பிய படிவம். புதிதாக ஒரு பாத்திரத்துக்குப் பெயர் வைத்தால் எழுத்தாளர் நிரப்பித் தரவேண்டியது. 'இந்தப் பெயரில் உயிரோடு இருக்கும் யாரையேனும் உங்களுக்குத் தெரியுமா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு குறி. அதன் கீழே ஜொனெலின் முப்பத்தொரு வயதுக் கையெழுத்து.

"இது இருக்கிறவரைக்கும் நமக்குக் கவலை இல்ல," என்றாள் தாலின். "ஆனா சனிக்கிழமை விழா மேடையில நீங்க இதைப்பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அந்த ஆளைப் பார்த்தா, கையில இருக்கிற தண்ணி பாட்டிலைத் தரையில வச்சிடுங்க. மத்ததைக் காவலாளிங்க பார்த்துக்குவாங்க. சரியா?"

"சரி," என்றாள் ஜொனெல்.

வீடு வரும் வழி முழுக்க அவள் கார் ரேடியோவைப் போடவில்லை.

'ட்விக் குடும்பம்' தொடங்கியபோது அது ஒரு குளிர்காலம்கூடத் தாக்குப்பிடிக்காது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பெரியவர்களுக்குக் கார்ட்டூனா, அதுவும் அப்பா குடித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் தூங்கும் கார்ட்டூனா என்று தேவாலயங்களில் பேசினார்கள். பள்ளிக்கூடங்கள் அந்தப் படம் போட்ட பனியனைத் தடை செய்தன. தடை செய்ததும் பனியன் இன்னும் அதிகமாக விற்றது. இரண்டு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் ட்விக் குடும்பம் என்று ஆயிற்று. அதைத் திட்டியவர்களின் பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.

அதில் பக்கத்து வீட்டுக்காரராக வருபவர்தான் ஆர்வின் ப்ளம்லி. தான் செய்யாத தப்புக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பவர். மரம் காரின்மேல் விழுந்தாலும், மழை பிறந்தநாள் விருந்தைக் கெடுத்தாலும், தரையைப் பார்த்தபடி கையைப் பிசைந்துகொண்டு, "மன்னிச்சிடுங்க, என் தப்புதான்" என்பார். அவ்வளவுதான் அவர் வேலை. ஆனால் நாடே அதைத் திருப்பிச் சொல்லியது. ஒரு தேர்தல் விவாதத்தில் ஒருவர் எதிராளியைப் பார்த்து "நீங்க ஒரு ப்ளம்லி" என்று சொல்லி அரங்கத்தைச் சிரிப்பில் ஆழ்த்தினார். அகராதியில்கூட அந்தச் சொல் ஏறிவிட்டது: ப்ளம்லி, முதுகெலும்பு இல்லாதவன்.

அந்த ஒரு பாத்திரம்தான் ஜொனெலை எழுத்தாளர்கள் உட்காரும் அறையில் நிலைநிறுத்தியது. பதினோரு ஆண்கள், ஒரு பெண். ஆறு வாரமாக அவள் சொன்ன எந்த வேடிக்கைக்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமையோடு அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்கே தெரியும். அன்றைக்குத் தலைமை எழுத்தாளர் பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன் வேண்டும் என்றார். ஜொனெல் எழுந்து நின்றாள், தோளைக் குறுக்கினாள், கையைப் பிசைந்தாள், தரையைப் பார்த்தாள். "மன்னிச்சிடுங்க, என் தப்புதான்." பதினோரு பேரும் மேசையில் அடித்துச் சிரித்தார்கள். "யாரு இந்த ஆளு?" என்று கேட்டார் ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆர்வின் ப்ளம்லி," என்றாள் ஜொனெல். மறுபடி சிரித்தார்கள். வேலை தங்கியது. முப்பது வருஷத்தில் அவளே அந்த நாற்காலியில், தலைமை எழுத்தாளராக உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை பிற்பகல் பாசடீனா அரங்கத்தில் மூவாயிரம் பேர். முப்பதாவது ஆண்டு விழா. பாதிப் பேர் ட்விக் குடும்பத்துத் தலைமுடியை அட்டையில் செய்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேடையில் ஐந்து நாற்காலி, முன்னால் ஒரு மேசை. நடு நாற்காலியில் ஜொனெல். அவளுக்கு வலப்பக்கம் வெண்டல் க்ரே, ஆர்வின் ப்ளம்லிக்கு முப்பது வருஷமாகக் குரல் கொடுப்பவர். எழுபத்திரண்டு வயது. இந்தக் குரல் தனக்கு வீடும் கொடுத்தது, இரண்டு விவாகரத்தும் கொடுத்தது என்று சொல்லிச் சிரிப்பார்.

"ஏன் அம்மணி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?" என்று வெண்டல் காதோடு கேட்டார். "மதியம் சாப்பிடலையா?"

"பசிக்கல."

"எவனோ மெரட்டல் லெட்டர் போட்டிருக்கானாமே. தாலின் சொன்னா. பயப்படாத, எங்கிட்ட வந்தா மன்னிப்புக் கேட்டே வெரட்டிடுவேன்."

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. பழைய காட்சிகளைத் திரையில் போட்டார்கள், ஜனங்கள் வசனத்தை முந்திக்கொண்டு சொன்னார்கள். பிறகு நிகழ்ச்சி நடத்துபவர், கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் நடுப்பாதையில் வைத்திருக்கும் மைக்கின் பின்னால் வரிசையில் நிற்கலாம் என்றார். விளக்கைக் கொஞ்சம் ஏற்றினார்கள்.

ஜொனெல் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டாள். வரிசையில் ஆறாவது ஆள். அக்டோபர் வெயிலில் கனமான பழுப்புக் கோட்டு. கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். வலது கை கோட்டுக்குள்ளே இருந்தது.

வாசலில் எல்லாரையும் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். சோதித்து விட்ட இடங்களிலும் என்னென்ன நடந்திருக்கிறது என்பதும் தெரியும். அவள் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

முதல் ஆள் ஏதோ கேட்டான். வெண்டல் பதில் சொன்னார். சிரிப்பு. இரண்டாவது ஆள் ஒரு பெண், தன் குழந்தைக்கு ட்விக் குடும்பத்து மகளின் பெயரையே வைத்ததாகச் சொல்லி அழுதாள். மூன்றாவது ஆள் ஜொனெலிடமே கேட்டான். என்ன கேட்டான் என்று காதில் விழவில்லை. "நல்ல கேள்வி," என்று சொல்லிவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசினாள். கண் மட்டும் அந்தக் கோட்டைவிட்டு நகரவில்லை. ஓரத்தில் திரைச்சீலைக்குப் பக்கத்தில் நின்ற தாலின் அவள் பார்க்கும் திசையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

தரையில் வைத்துவிடலாம். குனிந்தால் போதும். ஒரு நொடி வேலை. அந்த மனிதரை அலுங்காமல் அழைத்துப்போய்விடுவார்கள், மூவாயிரம் பேருக்கும் ஒன்றும் தெரியாது, திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம்.

அதுமாதிரி ஒரு நொடிதான் அன்றைக்கும் இருந்தது. 1974. எட்டாம் வகுப்பு, பெல்ஃபோர்ட் நகரத்துப் பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடம். விளையாட்டாக அடுப்பின் வாயுக் குழாயைத் திறந்து தீக்குச்சி கிழித்தவள் ஜொனெல். ஜன்னல் திரை பற்றிக்கொண்டது, சுவரில் பாதி கருகியது, ஒரு பெண்ணுக்குக் கையில் கொப்புளம். யார் செய்தது என்று ஆசிரியர் கத்தினார். ஜொனெல் வாய் திறக்கவில்லை. அவள் அப்பாவின் இடுப்புவாரை அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த ஆர்வினுக்கு அந்த வாரைப்பற்றித் தெரியும். கோடைக்கால ராத்திரிகளில் ஜன்னல் வழியே சத்தம் கேட்டிருக்கிறான். கடைசி வரிசையில் எழுந்து நின்றான். தரையைப் பார்த்தபடி கையைப் பிசைந்தான்.

"மன்னிச்சிடுங்க சார். என் தப்புதான்."

இரண்டு வாரம் பள்ளிக்கூடத்தைவிட்டு நிறுத்தி வைத்தார்கள். வாத்தியக் குழுவோடு சிகாகோ போகவிருந்தவன் பெயரை அடித்தார்கள். அந்தக் கொப்புளப் பெண்ணின் அண்ணன்கள் அவனைச் சாலையில் மடக்கி அடித்தார்கள். ஜொனெல் அப்போதும் பேசவில்லை. அடுத்த வருஷம் அவள் குடும்பம் ஊர் மாறிப் போய்விட்டது.

நான்காவது ஆள் முடித்தான். ஐந்தாவது ஆள் மைக்குக்கு வந்தான். பக்கவாட்டில் நின்ற காவலாளி ஒருவன் கையிலிருந்த தாளைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். தோளில் இருந்த கருவியில் ஏதோ பேசினான். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவன் இறங்கி வர ஆரம்பித்தான்.

ஜொனெல் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். மறுபடி மூடி மேசைமேலேயே வைத்தாள்.

"ஐயா, கொஞ்சம் எங்ககூட வர்றீங்களா?" என்று காவலாளி கேட்டது மைக்கில் மெலிதாகக் கேட்டது. கோட்டுப் போட்டவர் தலையை ஆட்டினார். காவலாளி அவர் முழங்கையைப் பிடித்தான். "கையை வெளிய எடுங்க. மெதுவா. மெதுவா எடுங்கன்னு சொல்றேன்!"

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி "ஐயோ" என்றாள்.

ஜொனெல் எழுந்துவிட்டாள். "அவரை விடுங்க," என்றாள். யார் காதிலும் விழவில்லை. மைக்கை வாயருகே இழுத்தாள். "விடுங்க அவரை. கேள்வி கேக்க நிக்கிறார். கேக்கட்டும்."

காவலாளி ஓரத்தில் நின்ற தாலினைப் பார்த்தான். தாலின் இரண்டு கைகளாலும் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினாள். அதற்குள் அந்த மனிதர் கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்துவிட்டார். கையில் ஒரு பழைய காகித உறை. அவ்வளவுதான். மைக்கில் நின்றிருந்தவன் ஒதுங்க, அவர் வந்து நின்றார். உயரத்தைச் சரிசெய்யத் தெரியாமல் குனிந்தார்.

"மன்னிச்சிடுங்க," என்று ஆரம்பித்தார்.

மூவாயிரம் பேரும் சிரித்தார்கள். கார்ட்டூன் ப்ளம்லியின் குரலில் பேசிக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் காத்திருந்தார். இந்த மாதிரி காத்திருந்து பழக்கப்பட்டவர் என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"எம் பேரு ஆர்வின் ப்ளம்லி."

அரங்கம் அதிர்ந்தது. கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். நிகழ்ச்சி நடத்துபவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஆகா! ஐயா, இன்னைக்கு என்ன தப்புப் பண்ணீங்க?" என்றார். பதில் குரல் கொடுக்க வெண்டல் வாயைத் திறந்தார். ஜொனெல் அவர் கையை இறுக்கிப் பிடித்தாள். நகம் பதியும் அளவுக்குப் பிடித்தாள். வெண்டல் அவள் முகத்தைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்," என்றார் அந்த மனிதர், சிரிப்பு அடங்கியதும். உறையை உயர்த்திப் பிடித்தார். "உங்க கம்பெனி எனக்கு 1996-ல இந்த லெட்டர் போட்டுச்சு. இந்தப் பேரு கற்பனை, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது, சம்பந்தம் இருக்குன்னு நான் எங்கயும் சொல்லித் திரியக்கூடாதுன்னு. அந்தப் பேரை எங்கேருந்து எடுத்தேன்னு ஜொனெல் சொல்லணும். அவ்வளவுதான்."

இப்போது சிரிப்பு இல்லை. இது வேடிக்கையா நிஜமா என்று தெரியாமல் ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்கிட்டேருந்துதான் எடுத்தேன், ஆர்வின்," என்றாள் ஜொனெல்.

ஓரத்தில் தாலின் கையைக் கீழே போட்டாள்.

"நாங்க ஒரே கிளாஸ்ல படிச்சோம். பள்ளிக்கூடத்துல நான் தீ வச்சுட்டேன். எங்க அப்பா என்னை அடிச்சே கொன்னுருப்பார். இவர் எழுந்து நின்னு, நான்தான் பண்ணேன்னு சொன்னார். இப்ப நீங்க எல்லாரும் சிரிச்சீங்களே, அந்த வசனம், அன்னைக்கு இவர் சொன்னது. நின்ன நிலை, கையைப் பெசையறது, எல்லாமே அன்னைக்கு இவர் பண்ணது. என்னைக் காப்பாத்தறதுக்காக. பதினெட்டு வருஷம் கழிச்சு எனக்கு வேலை போயிடும்னு பயம். அதை எடுத்து வேடிக்கையா நடிச்சுக் காட்டினேன். பேரையாவது மாத்தியிருக்கலாம். மாத்தல. அந்தப் பேருதான் சிரிப்பு வரவச்சுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கம்பெனிக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆள் யாரும் இல்லன்னு நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன். மன்னிச்சிடு ஆர்வின். என் தப்புதான்."

அரங்கத்தின் பின்பக்கத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள்.

பழக்கத்தில் வந்த சிரிப்பு. உடனே அடங்கியும்விட்டது. உலகத்தில் வேறு யார் வேண்டுமானாலும் அந்த வார்த்தையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், அவளால் மட்டும் முடியாது. முப்பது வருஷம் அதை அவளே தேய்த்துத் தேய்த்துச் சிரிப்பாக்கி வைத்திருந்தாள். வேறு வார்த்தை தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"சரி," என்றார் ஆர்வின் மைக்கில். உறையைக் கோட்டுக்குள் வைத்தார். திரும்பி நடந்தார். நடுப்பாதையில் ஜனங்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் இன்னும் காந்திக்கொண்டிருந்தது. அவர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாடகைக் காரைத் தேடிக்கொண்டிருந்தார். ஜொனெல் மேடைக்குப் பின்வாசல் வழியாக ஓடிவந்து அவரைப் பிடித்தாள்.

"என்ன கார்?"

"வெள்ளை. எல்லாமே வெள்ளையா நிறுத்தி வச்சிருக்கானுங்க இந்த ஊர்ல."

இருவரும் வரிசை வரிசையாக நடந்தார்கள். ஜொனெல்தான் பேசினாள். "நான் அப்பவே கூப்பிட்டிருக்கணும். எத்தனையோ தடவை போனைக் கையில எடுத்தேன்."

"எடுத்தா மட்டும் போதாது," என்றார் ஆர்வின். "கையில எடுத்தேன், மனசுல நெனச்சேன்னு கதை சொல்லாத எங்கிட்ட. எனக்கு வயசு அறுபத்தொண்ணு."

அவள் அடுத்த வரிசைக்குத் திரும்பினாள். அவரும் பின்னால் வந்தார்.

"மொத வருஷம் எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, தெரியுமா? வேலை செய்யற எடத்துல சொன்னேன். இந்தப் பொண்ணு எங்கூடப் படிச்சவ, அது நான்தான்டான்னு. போய்யா, கார்ட்டூன்ல வர்றவனும் நீதான், சந்திரனுக்குப் போனவனும் நீதான்னு கிண்டல் பண்ணானுங்க. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன், அந்தப் பொண்ணு ரெண்டு வரி எழுதிக் குடுத்தா போதும்னு. இந்த லெட்டர் வந்துச்சு. எம் பொண்டாட்டி பிரிச்சுப் படிச்சுட்டா. அன்னையிலேருந்து அவளுக்கு நான் பொய் சொல்றவன். ஒண்ணும் கேக்க மாட்டா. நான் எதைச் சொன்னாலும் ஒரு நொடி மூஞ்சியைப் பார்ப்பா, அவ்வளவுதான்." நின்றார். "மார்ச் மாசம் செத்துட்டா. சர்ச்சுல பாதிரியார் படிக்கிறார், 'இவருடைய கணவர் ஆர்வின் ப்ளம்லி' அப்படின்னு. பின்னாடி பெஞ்சுல எவனோ சிரிச்சான். அவ பெட்டிக்குள்ள கெடக்கிறா. இவன் சிரிக்கிறான்."

ஜொனெல் ஒரு காரின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டாள். தகடு கையைச் சுட்டது. எடுக்கவில்லை.

"உன்னைக் கொல்லணும்னு வந்தேன்னு நெனச்சாங்களா?"

"ஆமா."

"நீ?"

"எனக்கும் தெரியல. பயந்தேன்."

"நல்லது," என்றார். அதில் கோபம் இருந்தது. வேறு ஏதோவும் இருந்தது. அது என்ன என்று அவளால் சொல்ல முடியவில்லை.

அவர் கோட்டுப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். "எம் பொண்ணு. டேட்டன்ல இருக்கா. அதுக்குள்ள எவனோ வீடியோவைப் போட்டுட்டான் போல." பொத்தானை அழுத்தி, பேசாமல் போனை ஜொனெலிடம் நீட்டினார். அவள் தயங்கினாள். அவர் கையை மடக்கவில்லை.

"ஹலோ," என்றாள் ஜொனெல். "நான் ஜொனெல் ராட்கி பேசறேன்."

மறுமுனையில் ஒரு பெண்குரல், "அம்மா உயிரோட இருந்தப்ப இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றது.

"சொல்லியிருக்கணும்."

"எட்டு மாசம். வெறும் எட்டு மாசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா..." குரல் உடைந்தது. "நானும் அவரை நம்பல. எங்க அப்பா பெத்த பொண்ணு நானே நம்பல. உங்களால." மூக்கை உறிஞ்சும் சத்தம். "அவர் பக்கத்துல இருக்காரா? சாப்பிட்டாரா பாருங்க. சர்க்கரை வியாதி அவருக்கு. நேரத்துக்குச் சாப்பிடலன்னா கீழ விழுந்துடுவார். கோட்டை வேற போட்டுக்கிட்டுப் போயிருப்பார், கேட்டாத்தானே."

தெருமுனையில் டகோ என்ற மெக்ஸிகோ ரொட்டி மடிப்பு விற்கும் வண்டி ஒன்று நின்றது. இருவரும் நடைபாதை ஓரத்துக் கட்டையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆர்வின் கோட்டைக் கழற்றி மடியில் மடித்து வைத்துக்கொண்டார். காரம் தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. ஜொனெல் தாள் கைக்குட்டையை நீட்டினாள், வாங்கிக்கொண்டார். பழைய ஊரைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறரை மணிக்கு விமானம் என்றார். வெள்ளைக் காரைக் கண்டுபிடித்ததும் கை கொடுக்காமலே ஏறிப் போனார்.

திங்கட்கிழமை தாலின் அறையில் ஜொனெல் உண்மையை எழுதிக் கையெழுத்திட்டாள். "உங்களை என்னால காப்பாத்த முடியாது," என்றாள் தாலின். "காப்பாத்த வேணாம்," என்றாள் ஜொனெல். வாரக் கடைசிக்குள் அவள் அறையைக் காலி செய்தாள். வெண்டல் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார்வரை வந்தார். "எனக்கும் வேலை போச்சு பாரு, அம்மணி. அந்தக் குரலை இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்?" என்றார். அவர் திட்டவில்லை. ஆனால் அவளைக் கட்டிக்கொள்ளவும் இல்லை.

நிறுவனம் ஆர்வினுக்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டது. அவர் ஊர்ப் பத்திரிகையிலும் அதைப் போட்டது. தொடரில் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லாமல் காணாமல் போனார். அந்த வீட்டில் இப்போது ஒரு நாய் மட்டும் இருக்கிறது. ரசிகர்கள் கொதித்தார்கள். பாதிப் பேர் ஜொனெலைத் திட்டினார்கள், பாதிப் பேர் எங்கள் ப்ளம்லியைக் கொன்றுவிட்டாய் என்று ஆர்வினின் வீட்டுக்கே கடிதம் போட்டார்கள். அகராதிக்காரர்களுக்கு ஜொனெல் மூன்று முறை எழுதினாள். புழங்கும் சொல்லை அகராதியிலிருந்து நீக்குவது தங்கள் வழக்கம் இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை ஆர்வினே கூப்பிட்டார். யாரோ படம் எடுக்கிறவன் வாசலில் வந்து நிற்கிறான், அவனை எப்படி விரட்டுவது என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"கடையில யாராவது சிரிக்கிறாங்களா இப்ப?" என்று ஜொனெல் கேட்டாள்.

"எங்க சிரிக்கிறானுங்க? எம் பேரைச் சொன்னா உடனே மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறானுங்க, சாவு வீட்டுக்கு வந்த மாதிரி. பேங்குல ஒருத்தி கையைப் புடிச்சு அழுதுட்டா. பணத்தைக் குடும்மான்னு சொல்லிப் பார்த்தேன், விடமாட்டேங்குறா."

ஜொனெலுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சிரி, சிரி," என்றார் ஆர்வின். "நான் சொன்னதுக்குத்தானே சிரிக்கிற."

அவர் வீட்டு வாசலில் மறுபடி மணி அடித்தது போனில் கேட்டது. இருங்கடா வரேன் என்று யாரையோ அதட்டியபடி அவர் போனை வைத்தார்.